போதகரைக் கேள்வி கேட்டால் கடவுளைக் கேட்டதாகிவிடுமா?

2025-ல் தென்னாப்பிரிக்காவின் சி.ஆர்.எல். ஆணையம் கிறிஸ்தவ சபைகளுக்கென்று தனிக் குழு ஒன்றை அமைத்தது. பண்பாடு, சமயம், மொழி ஆகியவற்றால் அமைந்த சமூகங்களின் உரிமைகளைக் காக்க அந்நாட்டு அரசியல் சட்டமே உருவாக்கிய ஆணையம் இது. சபைத் தலைவர்கள் செய்யும் முறைகேடுகளை எப்படித் தடுப்பது, சபைகள் தங்களுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்ப்பது குழுவின் வேலை. செய்தி வந்ததும் இரண்டு குரல்கள் கிளம்பின. 'அரசாங்கம் சபைக்குள் கை வைக்கிறது' என்றது ஒன்று. 'இந்தப் பாஸ்டர்களை எப்போதோ பிடித்து உள்ளே போட்டிருக்க வேண்டும்' என்றது இன்னொன்று.

டர்பனைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களில் இந்தச் சண்டை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. பாட்டி மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பவர், மகள் பெந்தெகொஸ்தே சபை, பேத்தி எதிலும் சேராதவள் என்ற குடும்பம் டர்பனில் இந்தியர் வாழும் சாட்ஸ்வர்த்தில் அபூர்வமல்ல. பேத்தி காணிக்கைப் பணத்துக்குக் கணக்கு உண்டா என்று கேட்கிறாள். 'உனக்குக் கடவுள் நம்பிக்கையே போய்விட்டது' என்று அம்மாவிடமிருந்து பதில் வருகிறது. கேட்டது பணத்தைப் பற்றி. வந்த பதில் கடவுளைப் பற்றி. எங்கே எது எதோடு முடிச்சுப் போடப்பட்டது என்று பிரித்துப் பார்த்தால்தான் ஆணையத்தைப் பற்றிய செய்தியும் புரியும்.

மூன்று கேள்விகள், ஒரே முடிச்சு

ஒரே மூச்சில் கேட்கப்படுகிற கேள்விகள் உண்மையில் மூன்று.

1. கடவுள் இருக்கிறாரா? இருந்தால் நல்லவரா?
2. ஜெபித்தால் நடக்குமா?
3. கடவுளின் பெயரால் பேச இந்த மனிதருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

முதலாவது தத்துவக் கேள்வி. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசியும் எல்லோரும் ஒப்புகிற முடிவு வரவில்லை. இந்தக் கட்டுரையிலும் வராது. இரண்டாவதில் பாதியைச் சோதித்துப் பார்க்கலாம், பாதியை முடியாது. மூன்றாவதற்கு வரலாறு இருக்கிறது, ஆவணம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. மூன்றில் நேரடியாகப் பதில் சொல்லக்கூடியது அதுதான்.

ஆனால் சபையில் இவை தலைகீழாகக் கட்டப்படுகின்றன. 'எனக்கு அதிகாரம் உண்டு, ஏனென்றால் நான் ஜெபித்தால் நோய் போகிறது. நோய் போகிறது, ஏனென்றால் கடவுள் இருக்கிறார்.' இப்படிக் கட்டிவிட்டால் போதகரைச் சந்தேகப்படுகிறவர் தானாகவே நாத்திகர் ஆகிவிடுகிறார். இந்த முடிச்சால் லாபம் யாருக்கு என்று பார்த்தால், கடவுளுக்கு இல்லை, ஜெபிக்கிறவருக்கும் இல்லை.

சொற்களே ஒரு சண்டையின் எச்சம்

1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தது. அந்த முதல் கப்பலிலேயே கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 1911-ல் ஒப்பந்தக் கூலி முறை நிற்பதற்குள் 1,52,000-க்கும் மேற்பட்டோர் நட்டாலில் (டர்பன் உள்ள பகுதி, இன்று குவாசுலு-நட்டால்) இறங்கினார்கள். ஆகவே, 'இங்கே வந்த பிறகு வெள்ளைக்காரன் மாற்றினான்' என்ற பேச்சு பாதிதான் சரி. நட்டாலில் தமிழுக்கு எத்தனை வயதோ, தமிழ்க் கிறிஸ்தவத்துக்கும் அத்தனை வயது.

தமிழ்க் கிறிஸ்தவர்களின் பேச்சில் கடவுளுக்கு ஒரே பெயர் இருந்ததில்லை. கத்தோலிக்கர் 'சர்வேசுரன்' என்றார்கள். வழிபாட்டைப் 'பூசை' என்றார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மிஷனரி ஃபப்ரிசியுஸ் செய்த லுத்தரன் மொழிபெயர்ப்பில் 'பராபரன்'. 1871-ல் ஹென்றி பவர் என்பவர் தலைமையில் வந்த மொழிபெயர்ப்பு 'தேவன்', 'கர்த்தர்' என்று மாற்றியது. பெரும்பாலான புராட்டஸ்டண்ட் வீடுகளில் இன்றும் அதுதான். 1995-ல் வந்த திருவிவிலியம் 'கடவுள்', 'ஆண்டவர்' என்கிறது.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் ஒரு வாதம் உண்டு. சர்வேசுரனுக்குள் ஈசுவரன் உட்கார்ந்திருக்கிறார், அது சைவமாகிவிடாதா? தேவன் என்றால் தமிழ்க் காதில் முப்பத்து முக்கோடி பேரில் ஒருவர் என்றுதானே விழும்? பராபரன் சரிதான், தாயுமானவர் அதை ஏற்கனவே பாடிவைத்திருக்கிறாரே! கடவுளை எப்படிக் கூப்பிடுவது என்பதிலேயே இறையியலாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் தலைமுறை தலைமுறையாக முரண்பட்டார்கள். 'வேதத்தைக் கேள்வி கேட்கக் கூடாது' என்று சொல்லித் தூக்கிக் காட்டப்படும் புத்தகம் அப்படிப்பட்ட கேள்விகளால் திருத்தித் திருத்தி வந்த புத்தகம்தான்.

ஜெபம் என்ற சொல்லுக்கும் டர்பனில் ஒரு தனிக் கதை. அங்கே 'பிரேயர்' என்றால் இந்து வீட்டுச் சடங்கும் பிரேயர்தான். மாரியம்மன் பிரேயர், கூழ் பிரேயர், புரட்டாசி பிரேயர். ஒரே சொல்லுக்குள் இரண்டு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. காவடி எடுப்பவர் பொதுவாக வேண்டிக்கொள்கிறார், வேண்டியது நடந்த பிறகு நேர்த்திக்கடனைச் செலுத்துகிறார். செழிப்பு உபதேசம் செய்யும் சபைகளில் 'விதைக் காணிக்கை' முதலில் போட வேண்டும், அறுவடை பிறகு வரும். வியாபாரம் என்று பார்த்தால் முருகனிடம் பின்பணம், இங்கே முன்பணம். ஒப்பீடு கொஞ்சம் குறும்புதான். ஆனால் நடக்காமல் போனால் நஷ்டம் யாருக்கு என்பதை அது காட்டிவிடுகிறது.

முதல் கேள்வி: வெள்ளத்தில் கடவுள் எங்கே?

2022-ல் குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 10. மறுநாள் கொட்டிய பெருமழை குவாசுலு-நட்டாலில் 400-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மலைச்சரிவில் இருந்த வீடுகள் மண்ணோடு இறங்கின. டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் நீர் சுத்திகரிப்பு நிலையம் பாழாகி, மாதக்கணக்கில் மக்கள் தண்ணீர் லாரிக்காக வாளியோடு நின்றார்கள். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் அது.

1755-லும் இப்படித்தான். நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள், லிஸ்பனில் கோவில்கள் நிறைந்திருந்த காலை நேரத்தில் நிலம் நடுங்கியது. கடவுள் எல்லாம் வல்லவர், எல்லாம் நல்லவர், ஆனாலும் தீமை இருக்கிறது. இந்த மூன்றும் எப்படி ஒன்றாக நிற்கும்? தத்துவத்தில் இதற்குத் தீமைச் சிக்கல் என்று பெயர். பதில்கள் பல, அடிக்கடி கேட்பவை இவை:

1. மனிதனுக்குக் கடவுள் சுயவிருப்பம் கொடுத்தார், தீமை அவன் தேர்ந்தது. 2021 ஜூலையில் டர்பனைச் சுற்றி நடந்த கலவரத்துக்கு இந்தப் பதில் ஓரளவு பொருந்தும். மழைக்குப் பொருந்தாது. மழை யாரும் தேர்ந்ததல்ல.
2. துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்துகிறது. பெரியவர்களுக்குச் சரி. மண்ணில் புதைந்த குழந்தை எதில் பக்குவப்பட்டது?
3. பாவத்துக்குத் தண்டனை, அல்லது தலைமுறைச் சாபம். டர்பன் பெந்தெகொஸ்தே மேடைகளில் இதைக் கேட்காத ஆள் குறைவு. கர்மவினையை விட்டுவிட்டு வந்தோம் என்று சொல்கிறவர்கள் அதையே வேறு சட்டை போட்டுப் பின்வாசல் வழியாகக் கூட்டிவருகிறார்கள். இரண்டிலும் அடிபட்டவன் மீதே பழி விழுகிறது.
4. நமக்குப் புரியாது. நேர்மையான பதில், ஆனால் இதைச் சொல்கிற அதே வாய் அடுத்த வாரம் 'கடவுள் எனக்கு இன்னதைச் சொன்னார்' என்று அத்தனை விவரமாகப் பேசக் கூடாது.

விவிலியத்திலேயே இந்தக் கேள்விக்கென்று ஒரு முழு நூல் இருக்கிறது. யோபு கடவுளை நேருக்கு நேர் கேட்கிறார். அவருடைய நண்பர்கள் 'நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்' என்று கடவுளுக்காக வாதாடுகிறார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபப்படுவது தன் பக்கம் பேசிய நண்பர்கள் மீது; யோபுவைப் போல நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். சங்கீதங்களிலும் கணிசமான பகுதி புகார்தான். 'எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று கேட்பது அங்கே பக்திப் பாடல். நம்பிக்கை இல்லாதவருக்கு இது எதையும் நிரூபிக்காது. கேள்வி கேட்பதே பாவம் என்று சொல்கிற நம்பிக்கையாளருக்கு மட்டும் இது பதில்.

இரண்டாவது கேள்வி: ஜெபத்தைச் சோதிக்க முடியுமா?

சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1988-ல் சான் பிரான்சிஸ்கோவில் 393 இதய நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. யாருக்காக ஜெபம் நடந்ததோ அந்தக் குழு சில அளவுகளில் கொஞ்சம் நன்றாக இருந்தது என்றது அது. பல அளவுகளைப் பார்த்துச் சிலவற்றை எடுத்தால் தற்செயலாகவும் அப்படி வரும் என்று விமர்சகர்கள் சொன்னார்கள். 2006-ல் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. அமெரிக்காவில் 6 மருத்துவமனைகள், இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேர், மூன்று பிரிவுகள்.

முதல் பிரிவுக்காக ஜெபம் நடந்தது. நடக்கிறதா இல்லையா என்று நோயாளிகளுக்குத் தெரியாது. அவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. இரண்டாம் பிரிவுக்காக ஜெபம் நடக்கவில்லை; அவர்களுக்கும் நிலவரம் தெரியாது. 51 சதவீதம். மூன்றாம் பிரிவினருக்கு 'உங்களுக்காக ஜெபிக்கிறார்கள்' என்று உறுதியாகச் சொல்லப்பட்டது. 59 சதவீதம்.

தெரியாதவர்களிடம் வித்தியாசம் இல்லை. தெரிந்தவர்களிடம் சிக்கல் கூடியிருக்கிறது. ஆள் வைத்து ஜெபிக்கும் அளவுக்கு நம் நிலைமை மோசமா என்ற பதற்றமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

இறையியலாளர்களின் மறுப்பும் நியாயமானது. கடவுள் மாத்திரை அல்ல, அளவு பார்த்துக் கொடுக்க. பெயர் தெரியாத நோயாளிக்காக, பட்டியலைப் பார்த்து ஜெபிப்பது எந்த மரபிலும் ஜெபத்தின் இலக்கணம் அல்ல. இயேசுவே கெத்செமனேயில் கேட்டது கிடைக்கவில்லை. 'என் சித்தத்தின்படியல்ல' என்றுதான் அந்த ஜெபம் முடிந்தது. ஜெபம் கேட்பதற்கல்ல, கேட்கிறவனை மாற்றுவதற்கு என்பது பழைய போதனை. அதைச் சோதிக்க முடியாது, சோதிக்கத் தேவையும் இல்லை.

சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால் இந்த மறுப்பு இரண்டு பக்கமும் வெட்டும். ஆய்வகத்தில் கடவுளைச் சோதிக்கக் கூடாது என்றால், மேடையில் கடவுளுக்குச் சான்றிதழ் கொடுப்பதும் கூடாது.

சாட்ஸ்வர்த்தில் ஒரு சனிக்கிழமை மாலைக் கூட்டத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கீபோர்டு, வாசலில் மேசை மேல் காணிக்கைக் கவர்கள். சாட்சி சொல்லும் நேரம் வருகிறது. ஓர் அம்மா மைக்கை வாங்கி, சர்க்கரை 18-ல் இருந்தது, பாஸ்டர் கைவைத்து ஜெபித்தார், இப்போது 7 என்கிறார். அந்நாட்டு மீட்டர்களில் அளவு அப்படித்தான் வரும். 18 என்பது நம்மூர்க் கணக்கில் முந்நூற்றுச் சொச்சம். கூட்டம் கைதட்டுகிறது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையையும் தினமும் போட்டிருப்பார். அதை யாரும் கேட்கவில்லை. அதைவிட முக்கியம், சர்க்கரை இறங்காத ஐந்து பேர் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவர்களிடம் மைக் போகாது. வென்ற சீட்டுகளை மட்டும் எண்ணினால் எந்த லாட்டரியும் நல்ல லாட்டரிதான்.

கூடவே ஒரு பாதுகாப்பு வளையமும் உண்டு. நடந்தால் ஜெபம் பலித்தது. நடக்காவிட்டால் 'உன் விசுவாசம் போதவில்லை'. தாமதமானால் 'காத்திரு'. எது நடந்தாலும் சரியாகிவிடும் ஒரு கூற்றைப் பொய் என்று யாராலும் காட்ட முடியாது. அதே காரணத்தால் அதைச் சான்றாகவும் பயன்படுத்த முடியாது. ஜெபத்தின் ஆறுதல் இதனால் குறையப்போவதில்லை. போதகரின் பெருமைக்கு அதை ஆதாரமாக வைப்பதுதான் நிற்காது.

தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் நீரிழிவு மிக அதிகம் என்பதால் இது வெறும் தர்க்க விளையாட்டு அல்ல. முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து வந்துவிடும். இந்த இடத்தில் சட்டம் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறது. 2005-ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், 129-ஆம் பிரிவு: சமய நம்பிக்கை என்ற ஒரே காரணத்துக்காகப் பெற்றோர் பிள்ளையின் சிகிச்சைக்குச் சம்மதம் மறுக்க முடியாது. மருத்துவம் ஏற்கும் மாற்று வழி இருந்தால் மட்டுமே விலக்கு. பெரியவர் தன் மாத்திரையைத் தானே நிறுத்துவது அவர் உரிமை. பிள்ளையின் ஊசியை நிறுத்துவது அப்படியல்ல.

மூன்றாவது கேள்வி: அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

சபை அதிகாரம் என்று பொதுவாகச் சொல்வது மூன்று வேறு வேறு சரக்கு.

வழிவழி அதிகாரம். கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர். அப்போஸ்தலர்களில் தொடங்கி ஆயர் மேல் ஆயராகக் கைவைத்து வந்தது. போப்பாண்டவர் தவறே செய்யமாட்டார் என்று கத்தோலிக்கம் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள்; 1870-ல் அறிவிக்கப்பட்ட கோட்பாடு அத்தனை அகலமானதல்ல. நம்பிக்கை, ஒழுக்கம் பற்றி முழுத் திருச்சபைக்கும் முறைப்படி அறிவிக்கும்போது மட்டுமே பொருந்தும். அப்படி வெளிப்படையாகப் பயன்பட்டது அதற்குப் பின் ஒரே முறை, 1950-ல்.

நூல் அதிகாரம். லுத்தரன், சீர்திருத்த சபை, பாப்டிஸ்ட். மனிதனுக்கு மேலே புத்தகம். சிக்கல் எளிது: புத்தகம் தானாகப் பேசாது, யாராவது வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும்.

அபிஷேக அதிகாரம். பெந்தெகொஸ்தே. ஆவி யார் மேல் இறங்குகிறதோ அவர் பேசலாம். நட்டால் தமிழர், தெலுங்கர் மத்தியில் இது வேர்விட்டது 1931-ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஜே.எஃப். ரோலண்ட்ஸ் தொடங்கிய பெதஸ்தா இயக்கத்தோடு. பட்டம் தேவையில்லை, கிரேக்கம் தெரிய வேண்டியதில்லை. கரும்புத் தோட்டத்துக் கூலியின் மகன் மேடை ஏற முடிந்தது. தலைமுறைகளாகக் 'கூலி' என்றே கூப்பிடப்பட்டவர்களுக்கு அது சிறிய விஷயம் அல்ல. பெதஸ்தாவுக்குப் பின்னால் பெரிய சபை அமைப்பு ஒன்று இருந்தது. பிற்காலத்தில் தெருவுக்குத் தெரு முளைத்த தனிச் சபைகளுக்கு மேலே ஆயரும் இல்லை, பேரவையும் இல்லை. ஏழைக்குக் கதவைத் திறந்த அதே அம்சம்தான் கணக்குக் கேட்க ஆளில்லாமலும் செய்தது.

இந்த மூன்றாவது வகையில், கேள்வி கேட்கிறவரை அடக்க ஒரு வசனம் எப்போதும் தயாராக இருக்கும்: 'நான் அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்.' 105-ஆம் சங்கீதம், 15-ஆம் வசனம். முன்னும் பின்னும் வாசித்தால் கதையே வேறு. ஆபிரகாமும் அவர் பிள்ளைகளும் எண்ணிக்கையில் சொற்பமானவர்கள், பரதேசிகள், நாடு விட்டு நாடு அலைந்தவர்கள். அவர்களைத் தொடாதே என்று கடவுள் கடிந்துகொள்வது ராஜாக்களை. நாடோடிகளை ராஜாவிடமிருந்து காத்த வாக்கியம் இது. அதைத் திருப்பிப் போட்டு, சபையின் ராஜாவை அங்கே வரும் கூலிக்காரரின் பேத்தியிடமிருந்து காக்கப் பயன்படுத்துகிறார்கள். தாவீதும் அபிஷேகம் பெற்றவர்தான்; தவறு செய்தபோது நாத்தான் நேரில் போய் 'நீயே அந்த மனுஷன்' என்றார். தொடக் கூடாது என்றால் அடிக்கக் கூடாது என்று பொருள், கேட்கக் கூடாது என்று அல்ல.

சபை தவறாக இருந்த காலம்

தென்னாப்பிரிக்காவில் 'சபை தவறு செய்யாது' என்று வாதாடுவது மிகக் கடினம். 1857-ல் டச்சு சீர்திருத்த சபையின் பேரவை, 'சிலருடைய பலவீனத்தின் பொருட்டு' நிறம் பார்த்துத் தனித்தனி வழிபாடு நடத்தலாம் என்று அனுமதித்தது. பலவீனம் வெள்ளையர்களுடையது, கறுப்பர்களோடு ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க அவர்களால் முடியவில்லை. விதிவிலக்காக வந்தது விதியானது. 1948-ல் பிரதமராகி நிறவெறியை அரசுக் கொள்கையாக்கிய டி.எஃப். மலான் அந்தச் சபையில் போதகராக இருந்தவர். 1950-ல் யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனம் பார்த்துப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டம். 1960-களில் டர்பனின் மேகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் தமிழ்க் குடும்பங்களைச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியது அந்தச் சட்டம்தான். இந்தியர்களுக்கென்று தனியாக இந்திய சீர்திருத்த சபை என்று ஒன்றும் 1968-ல் உருவானது. ஆக, பின்னால் சட்டப் புத்தகத்தில் ஏறிய பிரிவினைக் கோடு அதற்கு முன்பே விழுந்தது ஒரு திருவிருந்து மேசையில்.

இதைக் கேள்வி கேட்டவர்களும் உள்ளிருந்தே வந்தார்கள். 1963-ல் டச்சு சீர்திருத்த சபைப் போதகர் பேயர்ஸ் நோடே தன் ஜோகனஸ்பர்க் சபை மேடையில், மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்ற அப்போஸ்தலர் வசனத்தைப் பிரசங்கித்துவிட்டு, போதகர் பதவியை விட்டு இறங்கினார். 1977-ல் அரசு அவர் பொதுவில் பேசவோ கூட்டத்தில் கலந்துகொள்ளவோ முடியாதபடி தடையாணை போட்டது. 1982-ல் உலகச் சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு ஒட்டாவாவில் கூடி, நிறவெறிக்குச் சமய நியாயம் சொல்வது வேதப்புரட்டு என்று அறிவித்தது. 1985-ல் தென்னாப்பிரிக்க இறையியலாளர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணம், 'அரசுக்குக் கீழ்ப்படி' என்று ரோமர் 13-ஐக் காட்டும் இறையியலை வெளிப்படையாக மறுத்தது.

இவர்கள் யாரும் நம்பிக்கையை இழந்தவர்கள் அல்லர். முதல் கேள்விக்கு ஆம் என்று சொல்லிக்கொண்டே மூன்றாவதில் சபைத் தலைவர்களின் அதிகாரத்தை மறுத்தார்கள். முடிச்சு அவிழக்கூடியது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேட வேண்டியதில்லை.

அரசு எதுவரை வரலாம்?

இப்போது ஆணையத்துக்குத் திரும்பலாம். 2014-ல் சபையாரைப் புல் தின்ன வைத்த போதகர், 2016-ல் முகத்தில் பூச்சிக்கொல்லி அடித்தவர், 2019-ல் சவப்பெட்டியிலிருந்து 'உயிர்த்தெழுந்த' மனிதரின் காணொளி. இவை நாடு முழுக்கப் பேசப்பட்டவை. இந்தப் போக்கை, சவப்பெட்டிக் காணொளிக்கு முன்பே, விசாரித்து 2017-ல் ஆணையம் அறிக்கை தந்தது: போதகர்களுக்குப் பதிவு வேண்டும், ஒரே மரபைச் சேர்ந்த சபைகளே ஒன்றையொன்று கண்காணிக்க வேண்டும் என்றது. நாடாளுமன்றக் குழு அடுத்த ஆண்டு அதை ஏற்கவில்லை. நம்பிக்கையை ஒழுங்குபடுத்துவது அரசின் வேலை அல்ல என்றது. 2025-ல் வந்த குழு அந்த விட்ட இடத்தைத் தொட முயல்கிறது.

இதற்கிடையே கோடு எங்கே என்று வழக்குகள் ஓரளவு காட்டியிருக்கின்றன:

1. நம்பிக்கை தனிமனிதருடையது. 2007-ல் டர்பனில் ஒரு தமிழ் மாணவியின் மூக்குத்தி வழக்கில் அரசியல் சட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கட்டாயமில்லாமல் விரும்பிச் செய்யும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது. கிறிஸ்தவ வழக்கு அல்லதான். ஆனால் அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு மனசாட்சியையும் சேர்த்தே காக்கிறது. எதையும் நம்பாத பேத்திக்கும் அது உண்டு.
2. சபையின் உட்கொள்கைக்குள் நீதிமன்றம் தயங்கித்தான் நுழையும். தன் பாலினத்தவரை மணக்கப்போவதாக அறிவித்து மெதடிஸ்ட் சபைப் பணியை இழந்த பெண் போதகரின் வழக்கு 2015-ல் தோற்றது. டச்சு சீர்திருத்த சபை எடுத்த இதே மாதிரி முடிவை 2019-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கோடு இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.
3. உடலுக்குத் தீங்கு என்றால் தயக்கமே இல்லை. பூச்சிக்கொல்லி அடித்தவரை 2018-ல் லிம்போபோ மாகாணத்தில் ஒரு நீதிமன்றம் தாக்குதல் குற்றத்துக்காகக் குற்றவாளி என்றது. சபையார் விரும்பி வந்தார்கள் என்பது அவரைக் காப்பாற்றவில்லை.
4. பிள்ளைகள் விஷயத்தில் போதகருக்கே கடமை. சிறுவர் சட்டத்தின் 110-ஆம் பிரிவு, ஆசிரியர், மருத்துவர் வரிசையில் சமயத் தலைவரையும் சேர்க்கிறது. பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் அவர் தெரிவித்தே ஆக வேண்டும். 'சபைக்குள் பேசி முடித்துக்கொள்வோம்' என்பதற்கு அங்கே இடம் இல்லை.

அரசு சபையை நடத்தப்போகிறது என்ற பயமும், அரசு வந்து எல்லாவற்றையும் சரிசெய்யும் என்ற ஆசையும் இரண்டுமே மிகை. எது சரியான உபதேசம் என்று சொல்ல எந்த அரசுக்கும் தகுதி இல்லை. நிறவெறிக் காலத்து அரசு தன்னை எதிர்த்த நோடேயின் வாயை அடைத்ததை மேலே பார்த்தோம். அந்த விஷயத்தில் 'அரசாங்கம் கை வைக்கிறது' என்ற முதல் குரலுக்கு நியாயம் உண்டு.

பேத்தியின் கேள்வி

அப்புறம், கணக்கு. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் ஒரு தனிச் சபை பெரும்பாலும் தன்னார்வச் சங்கம்தான். அதற்கு ஒரு விதிமுறை ஆவணம் இருக்கும். உறுப்பினருக்கும் சபைக்கும் உள்ள உறவு அதில் எழுதியபடி. ஆகவே முதலில் கேட்க வேண்டியது அந்த ஆவணத்தை. போதகரை நியமிப்பது யார், நீக்குவது யார், வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுவது எத்தனை பேர், கட்டடம் யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். கட்டடம் போதகரின் குடும்பப் பெயரில் இருந்தால், பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. சபை 1997-ஆம் ஆண்டின் லாபநோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவாகியிருந்தால் ஆண்டறிக்கையும் நிதிநிலை அறிக்கையும் சமூக வளர்ச்சித் துறைக்குப் போக வேண்டும். அவற்றை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். உறுப்பினராகக்கூட இருக்க வேண்டியதில்லை.

காணிக்கைக்குக் கணக்குக் கேட்பது உலகத்தார் பழக்கம் என்று அம்மா சொல்லக்கூடும். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் எட்டாம் அதிகாரத்தை அவருக்கு வாசித்துக் காட்டலாம். எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் பணம் திரட்டுகிறார். அந்தப் பணத்தை அவர் தனியாகச் சுமந்து போகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்கிறார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாள்வதில் யாரும் நம்மைக் குறை சொல்லிவிடக் கூடாது என்று காரணத்தையும் அவரே எழுதிவைத்திருக்கிறார்.